தொட்டியில் பழகிய கேமரா, பவளப்பாறையில்

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் எடுத்த கோமாளி மீன் படம் ஒன்றில் ஒருவழியாக ஆரஞ்சு நிறம் ஆரஞ்சாகவே விழுந்திருக்கிறது. மீனின் கண் கூர்மை, முகம் கேமராவைப் பார்க்கிறது, பின்னால் அது குடியிருக்கும், விரல் விரலாக ஆடும் கடல்தாமரை மங்கலாகப் போயிருக்கிறது. போட்டிக்கு அனுப்பும் தரமில்லைதான். ஆனால் அதற்கு முந்தைய அந்தமான் பயணத்தில் நான் கொண்டுவந்தவை எல்லாம் வெறும் நீலமும் அதில் ஓடும் வால்களும். இரண்டு தடவையும் கேமரா ஒன்றேதான்: 27,000 ரூபாய்க்குப் பழையதாக வாங்கிய ஒலிம்பஸ் டிஜி-6. இடையில் சேர்ந்தவை ஒரு அலுமினியத் தட்டு, இரண்டு டார்ச், ஒரு வெள்ளை அட்டை. அப்புறம் மச்சான் வயலில் இருக்கும் பம்புசெட் தொட்டி.

எனக்குத் தொழில் மோட்டார் காயில் கட்டுவது. மயிலாடுதுறையில் பட்டறை. சப்மெர்சிபிள் மோட்டார்கள் தண்ணீருக்குள் எந்தெந்த வழியில் செத்துப்போகும் என்று பிரித்துப் பார்த்தே வயதானவன் என்பதால் தண்ணீரை அடைக்கும் ஓ-ரிங் ரப்பர் வளையமும் சீலும் எனக்குப் புதிதில்லை. டைவிங்தான் புதிது. டைவிங்கின் முதல் படியான ஓப்பன் வாட்டர் சான்றிதழைப் புதுச்சேரியில் வாங்கினேன்.

நம் பக்கத்துக் கடலிலேயே பழகக் கூடாதா என்று கேட்பார்கள். கொள்ளிடமும் காவிரியின் மற்றக் கிளைகளும் கொண்டுவந்து தள்ளும் வண்டல் ஒரு பக்கம், கரையோர அலை கலக்கிவிடும் சேறு இன்னொரு பக்கம். தரங்கம்பாடிக் கடலில் பல நாள் நீட்டிய கை தெரியாது. பவளத்துக்கு வெயில் இறங்கும் தெளிந்த தண்ணீர் வேண்டும். அதற்குத் தெற்கே பாக் நீரிணைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் போக வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, நினைத்த இடத்தில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு குதிக்க முடியாது. ஆக, படம் எடுக்க அந்தமான், பழக வயல் என்று முடிவானது.

முதலில் பழைய படங்களைப் பெரிய திரையில் போட்டு ஒவ்வொன்றிலும் என்ன கோளாறு என்று நோட்டில் எழுதினேன். நிறம் இல்லை, வால் மட்டும் இருக்கிறது, வெள்ளைப் புள்ளி மழை, கூர்மை இல்லை. பட்டறையில் ஒரு மோட்டார் நான்கு விதமாகக் கத்தினாலும் பெரும்பாலும் ஒரு பேரிங்தான் காரணமாக இருக்கும். இங்கேயும் அப்படித்தான். நான்குக்கும் வேர் தூரம். தண்ணீர் சிவப்பை முதலில் தின்றுவிடும், 5 மீட்டருக்குள்ளேயே அதில் பெரும்பகுதி போய்விடும். அடுத்து ஆரஞ்சு, இன்னும் கீழே மஞ்சள். ஆழத்தை மட்டும்தான் நான் கணக்கில் வைத்திருந்தேன். மீனிலிருந்து கேமராவுக்கு இருக்கும் பக்கவாட்டுத் தூரமும் அதே தண்ணீர். 5 மீட்டர் ஆழத்தில் 2 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால், வெளிச்சம் 7 மீட்டர் தண்ணீரைக் கடந்து லென்ஸுக்கு வருகிறது. டார்ச்சோடு அரை மீட்டர் கிட்டே போனால், போக அரை, வர அரை, அந்த வெளிச்சத்துக்கு மொத்தமே ஒரு மீட்டர்தான்.

இதில் கண் வேறு ஏமாற்றும். மாஸ்க் வழியாகத் தண்ணீருக்குள் பார்த்தால் எல்லாம் நாலில் மூன்று பங்கு தூரத்தில் இருப்பதாகத் தெரியும். ஒரு அடி என்று நினைப்பது உண்மையில் 16 அங்குலம்.

தொட்டி 8 அடிக்கு 6 அடி, தண்ணீர் நாலடி நிற்கும். மச்சான் பாசியைத் தென்னை நாரால் தேய்த்துக் கொடுத்தான். மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் நிரப்பிவிட்டு, குமிழும் தூசியும் அடங்க ஒரு மணி நேரம் காத்திருந்தால், போர் தண்ணீர் கண்ணாடி. இறங்குவதற்கு முன் ஸ்டார்டரை அணைத்தால் போதாது. ஃபியூஸ் கேரியர் மூன்றையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். ஒயர் தோல் உரிந்து தண்ணீரில் கரண்ட் கசிந்த மோட்டார்கள் என் பட்டறைக்கு வராத மாதம் இல்லை. இன்னொன்று, தண்ணீருக்குள் தலை போகும்போது விளிம்பில் ஆள் நிற்க வேண்டும். வேகவேகமாக மூச்சிழுத்துவிட்டு முங்கினால், மூச்சு முட்டும் உணர்வு வருவதற்கு முன்பே நினைவு தப்பும், நாலடித் தண்ணீர் அதற்குப் போதும். மச்சான் மண்வெட்டியோடு நின்றுகொண்டே இருப்பான். மாட்டை ஓட்டிக்கொண்டு போன பெரியப்பா ஒருவர் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்:

“ஏம்ப்பா, குளிக்கிறதுக்கா இவ்ளோ சாமான்?”

“படம் புடிக்கிறாரு பெரியப்பா.”

“தொட்டில என்ன படம் இருக்கு?”

தொட்டியில் படம் இருந்தது. வாய்க்காலில் பிடித்த ஜிலேபி மீன்களைக் கொஞ்சம் விட்டிருந்தோம். வேளாங்கண்ணிக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் மீனை ஈயக்குண்டு கட்டி அடியில் நிறுத்தி, முதலில் அதை எடுத்தேன். ஸ்டீல் ஸ்கேலை வைத்துத் தூரத்தை ஊகித்து, பிறகு அளந்து, கண்ணைத் திருத்தினேன். 16 அங்குலத்தை 16 என்றே சொல்லப் பழகியதும் உயிர் மீனுக்கு மாறினேன். ஜிலேபி நல்ல வாத்தியார். நான் நகர்ந்தால் எதிர் மூலைக்குப் போய் முதுகைக் காட்டும். ஒரு மூலையில் உட்கார்ந்து, ஸ்நார்க்கல் என்ற மூச்சுக் குழாயில் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டு, கேமராவை முன்கூட்டியே நீட்டி வைத்துக்கொண்டால், கொஞ்ச நேரத்தில் அதுவே என்ன என்று பார்க்க வரும். வரும்போது முகம் வரும். முந்தைய பயணத்தின் வால்களுக்கெல்லாம் விடை அந்த மூலையில்தான் கிடைத்தது.

மேலே பார்த்து எடுப்பதும் அங்கேதான் பழகியது. தண்ணீர் ஆடாமல் நின்றால், அடியிலிருந்து பார்க்கும்போது வெளியுலகம் முழுக்க ஒரு வட்டத்துக்குள் அடங்கும். சுமார் 97 டிகிரி கூம்பு அது. வட்டத்துக்கு வெளியே தொட்டிச் சுவரின் பிரதிபலிப்புதான் தெரியும். வட்டத்தின் விளிம்பில் தென்னை மரங்கள் உள்நோக்கி வளைந்து நிற்க, நடுவில் மச்சானின் தலை. கேமராவைப் போட்டு மூடும் தண்ணீர் புகாத பெட்டியான என் ஹவுசிங்கின் முன்கண்ணாடி தட்டை என்பதால் லென்ஸின் பார்வை தண்ணீருக்குள் குறுகிவிடும், முழு வட்டமும் சட்டத்துக்குள் வரவில்லை. ஆனால் மேல்நோக்கி எடுக்கும்போது வெளிச்ச அளவை எங்கே வைத்துப் பூட்டுவது என்பது கைக்கு வந்துவிட்டது. வானத்தை வைத்தால் மீன் கறுப்பு, மீனை வைத்தால் வானம் சுத்த வெள்ளை. இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் வானத்தின் பக்கம்.

நிறத்தைத் தொட்டியில் பழக முடியவில்லை. நாலடியில் சிவப்பு எங்கும் போகாது. ரவிக்கைத் துணித் துண்டுகளைச் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று வெள்ளைப் பலகையில் தைத்து இறக்கிப் பார்த்தேன், கரையில் இருந்த மாதிரியே பளிச்சென்று இருந்தன. வெட்டி வேலை. அப்புறம் திருவிழா நாடகங்களுக்கு மேடை விளக்குப் போடுபவரிடம் நீலப்பச்சை ஜெலட்டின் தாள் கொஞ்சம் கேட்டு வாங்கினேன். ராத்திரி பட்டறையை இருட்டாக்கி, 50 வாட் எல்இடி விளக்கின் முன்னால் தாளைக் கட்டினால், துணிப் பலகை அச்சாக அந்தமான் படம். சிவப்புத் துணி கருஞ்சாம்பலாகத் தெரிந்தது. அந்த வெளிச்சத்தில் வெள்ளை அட்டையைக் காட்டி ஒயிட் பேலன்ஸ் எடுத்தால், அதாவது இதுதான் வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லிக்கொடுத்தால், நிறங்கள் திரும்பி வந்தன. இரண்டாவது தாளையும் சேர்த்துக் கட்டினால் திரும்பி வந்தது சிவப்பு இல்லை, ஊதா கலந்த அழுக்கும் புள்ளியும். இல்லாத நிறத்தைக் கேமரா இழுத்துப் பார்த்தால் குப்பைதான் வரும். ஆழத்தில் நடக்கப்போவதும் இதுவே என்பதைப் பட்டறையிலேயே பார்த்துவிட்டேன்.

இந்தக் கேமராவில் நாமே எடுத்த ஒயிட் பேலன்ஸை நாலு இடங்களில் சேர்த்து வைக்கலாம். ஹவுசிங்குக்குள் கேமராவை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, மெனுவைத் திறந்து அட்டையைக் காட்டி எடுத்து முடிக்கும்வரை கட்டை விரலுக்குப் பாடம் நடத்தினேன். கடலில் ஒரு டைவ் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அங்கே பொத்தான் தேடுவது காசைத் தண்ணீரில் போடுவது. நாற்பது நொடி ஆனது ஐந்தாறு நொடிக்கு வந்ததும் நிறுத்தினேன்.

புள்ளி மழையைப் பழக, ஊர்க் குளமே போதும். தெளிந்த தொட்டியில் பிளாஷ் போட்டால் ஒன்றும் தெரியாது. பச்சைக் குளத்தில் போட்டால் படம் முழுக்க வெள்ளைப் பொட்டு. களத்தில் நெல் தூற்றும்போது வெயிலுக்கு எதிரே நின்றால் தூசி கண்ணைக் கூசும், பக்கவாட்டில் வெயில் இருந்தால் அவ்வளவு தெரியாது, அதே கதைதான். லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பிளாஷ், லென்ஸுக்கும் மீனுக்கும் நடுவில் மிதக்கும் அத்தனை தூசியையும் நேராக அடிக்கிறது. விளக்கை விலக்கி வைத்து, கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, வெளிப்பக்கமாகத் திருப்பினால், ஒளிக்கூம்பின் உள்விளிம்பு மட்டும் மீனைத் தொடும், நடுவில் உள்ள தண்ணீர் இருட்டாகவே இருக்கும். கேமராவின் சொந்தப் பிளாஷை அன்றோடு அணைத்துவிட்டேன்.

விளக்கை விலக்கி வைக்கத் தட்டு வேண்டும். ஆன்லைனில் பார்த்த தட்டும் கைகளும் சேர்ந்து கேமரா விலையில் மூன்றில் ஒரு பங்கு கேட்டன. ஜன்னல் செய்யும் அலுமினியக் கடையில் 50 மில்லிமீட்டர் அகலம், 6 மில்லிமீட்டர் கனப் பட்டையில் ஒரு அடித் துண்டு 130 ரூபாய்க்குக் கிடைத்தது. நடுவில் துளை போட்டு, ஹவுசிங்கின் அடியில் இருக்கும் டிரைபாட் ஓட்டையில் கால் அங்குலப் போல்ட்டால் இறுக்கினேன். டிரைபாட் மரை அங்குலத்துக்கு 20, நம் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கால் அங்குல விட்வொர்த் போல்ட்டும் அங்குலத்துக்கு 20 மரைதான், தாராளமாக ஏறும். நீளம் மட்டும் பார்த்து அறுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஹவுசிங்கின் அடியைத் துருவிவிடும். இரு முனையிலும் நிற்கும் கைப்பிடிகளுக்குச் சைக்கிள் ரப்பர், ஜோடி 60 ரூபாய். அதற்கு மேலே டார்ச் பிடிக்கும் கைகள். இதற்கு முதலில் முக்கால் அங்குலப் பிவிசியும் எல்போவும் போட்டேன். பசை போடாத எல்போ தண்ணீரில் தானாகத் திரும்பிக்கொண்டது, பசை போட்டால் திரும்பவே மாட்டேன் என்றது. பிறகு மேஜை விளக்குகளில் வரும் வளையும் ஸ்பிரிங் குழாய். அது டார்ச்சின் எடையில் தலையைத் தொங்கப்போட்டது. கடைசியில் அலுமினியப் பட்டையிலேயே அரையடித் துண்டுகள் வெட்டி, மூட்டுகளில் விங் நட்டும் ரப்பர் வாஷரும் போட்டுப் பூட்டினேன். அழகில்லை, ஆனால் வைத்த இடத்தில் நின்றது. அலுமினியமும் ஸ்டெயின்லெஸ்ஸும் உப்புத் தண்ணீரில் ஒன்றையொன்று தொட்டால் அலுமினியம் அரிக்கும். அதனால் போல்ட் தொடும் இடமெல்லாம் நைலான் வாஷர்.

டார்ச்சுகள் ஒன்றுக்கு 3,800 ரூபாய், டைவிங் வீடியோ விளக்கு, பெட்டியில் எழுதியிருப்பது 1,000 லூமென்.

எல்லாம் பூட்டியதும் மணிக்கட்டுக்குக் கனமாக இருந்தது. குழந்தைகள் நீச்சல் பழகும் ஃபோம் குழாயை வெட்டி இரண்டு கைகளிலும் செருகி, தொட்டியில் விட்டுப் பார்த்து, மெல்ல மூழ்குகிற அளவுக்குக் குறைத்துக்கொண்டே வந்தேன். கடல் நீர் நல்ல நீரைவிட சுமார் இரண்டரை சதவீதம் அடர்த்தி. இரண்டு லிட்டர் பருமன் உள்ள பொருளுக்கு 50 கிராம் கூடுதல் மிதப்பு கிடைக்கும். தொட்டியில் மெல்ல இறங்கினால் கடலில் அப்படியே நிற்கும் என்பது கணக்கு. கணக்கு சரி, ஃபோம் தவறு. அது பின்னால்.

ஹவுசிங்கின் ஓ-ரிங் விஷயத்தில் என் தொழில் பழக்கம் எதிரியாக வந்தது. சப்மெர்சிபிளில் கிரீஸை வழிய வழிய அப்புவோம். ஹவுசிங்கில் கிரீஸின் வேலை அடைப்பது இல்லை, ரப்பர் முறுகாமல் வழுக்கி உட்கார உதவுவது மட்டும். விரலில் பளபளப்புத் தெரிந்தால் போதும். அதிகம் போட்டால் முடியும் மணலும் ஒட்டும், ஒரு முடி போதும் தண்ணீர் உள்ளே வர. பட்டறையில் கிடக்கும் பேரிங் கிரீஸ் கூடவே கூடாது, ஹவுசிங்கோடு வந்த சிறு குழாய் கிரீஸ் மட்டும். இன்னொன்றும் தலைகீழ்: ஆழத்தில்தான் கசியும் என்று நினைத்திருந்தேன். ஆழத்தில் அழுத்தம் கதவை ஓ-ரிங்கின் மேல் இறுக்குகிறது. அழுத்தமே இல்லாத முதல் ஒரு மீட்டரில், படகிலிருந்து குதிக்கும் அடியில்தான் ஆபத்து அதிகம்.

ஆனாலும் ஆழத்தில் ஒருமுறை பார்க்காமல் 21,000 ரூபாய் ஹவுசிங்கில் கேமராவை வைக்க மனம் வரவில்லை. தரங்கம்பாடியில் மோட்டார் வேலையில் பழக்கமான மீனவர் அண்ணன் ஒருவர் வலை விட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் செய்து பார்க்கலாம் என்றார். வெறும் ஹவுசிங்குக்குள் டிஷ்யூ தாளும் மிதக்காமல் இருக்க ஈயக்குண்டும் வைத்து, நண்டு வலைப் பையில் போட்டு இறக்கினோம்.

“எத்தினி பாகம் வேணும் தம்பி?”

“எவ்வளவு இருக்குண்ணே இங்க?”

“எட்டு பாகம் நிக்கும்.”

பாகம் என்பது இரு கையை விரித்த அளவு, ஏறக்குறைய ஆறடி. எட்டு பாகம் 14 மீட்டருக்கு மேல். அரை மணி நேரம் கிடந்து மேலே வந்தபோது தாள் காய்ந்தே இருந்தது. பை முழுக்க சேறு. அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, பிறகுதான் திறந்தேன்.

ஹவுசிங் கண்ணாடியில் உள்ளே பனி பிடிப்பது தனித் தொல்லை. நம் ஊர் ஈரக்காற்றை உள்ளே வைத்து மூடி, குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் கண்ணாடி மங்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு, மூடுவது ஏசி அறையில், மூடியபின் வெயிலில் வைக்காமல் ஈரத்துண்டால் மூடி எடுத்துப் போவது. இது மூன்றையும் செய்த நாட்களில் மங்கவில்லை.

சென்னையிலிருந்து போர்ட் பிளேர் (இப்போதைய பெயர் ஸ்ரீ விஜயபுரம்), அங்கிருந்து கப்பலில் ஹேவ்லாக். 2018-ல் அதற்கு சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள், கப்பல் டிக்கெட்டைத் தவிர வேறெங்கும் அந்தப் பெயரைக் கேட்கவில்லை. முதல் டைவ் நீமோ ரீஃப், கரையிலிருந்தே நடந்து இறங்கும் ஆழமில்லாத இடம். கூட இறங்கி வழிகாட்டும் டைவ் மாஸ்டர் போர்ட் பிளேரில் பிறந்த தமிழ்ப் பையன். பத்து நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு மேலே வரச் சொன்னான்.

“அண்ணா, கேமராவ என்கிட்ட குடுங்க. ஒங்க முட்டி கீழ எடம் தேடுது.”

தொட்டி கற்றுக்கொடுத்த கெட்ட பாடம் அது. மாதக்கணக்கில் சிமெண்ட் தரையில் முட்டி போட்டு எடுத்துப் பழகிய உடம்பு, படம் எடுக்கக் கேமராவைத் தூக்கியதும் தானாக முட்டியை இறக்குகிறது. அங்கே கீழே பவளம். ஒரு கிளை முறிந்தால் மறுபடி வளர வருஷங்கள் ஆகும், பவளத்துக்குச் சேதம் செய்வது 1972-ம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் குற்றமும்கூட. அன்று முழுக்கக் கேமரா இல்லாமல் மிதக்க மட்டும் செய்தேன். உடம்பில் கட்டும் எடையையும் சரிசெய்ய வேண்டியிருந்தது. 3 மில்லிமீட்டர் கன டைவிங் உடையும் உப்புத் தண்ணீரும் மேலே தூக்கும். அலுமினியச் சிலிண்டர் நிரம்பியிருக்கும்போது கனம், காற்று தீரத் தீர இரண்டு கிலோவுக்கு மேல் இலேசாகும். ஆரம்பத்தில் சரியாக இருந்தால் முடிவில், பாதுகாப்புக்காக 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கும்போது, மேலே இழுத்துக்கொண்டு போகும். பையன் சொல்லி ஒரு கிலோ கூட்டினேன். உள்ளே இழுத்த மூச்சில் ஒரு சாண் ஏறுவதும் விட்ட மூச்சில் இறங்குவதும் பிடிபட்ட பிறகுதான் கேமராவைக் கேட்டேன்.

அடுத்த டைவ் லைட்ஹவுஸ். 15 மீட்டர் பக்கம் போனதும் தட்டு கையை இழுக்க ஆரம்பித்தது. மிதக்க வேண்டிய ஃபோம், இரண்டரை மடங்கு அழுத்தத்தில் நசுங்கி விரல் கனத்துக்குச் சுருங்கியிருந்தது. மேலே வந்ததும் பழையபடி உப்பி, ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது. சாயங்காலம் ஹார்டுவேர் கடையில் தமிழிலேயே கேட்டு, 40 மில்லிமீட்டர் பிவிசி குழாய் அரை மீட்டரும் நாலு மூடியும் சால்வென்ட் பசையும் வாங்கினேன், 170 ரூபாய். 25 சென்டிமீட்டர் துண்டு இரண்டு, இருபக்கமும் மூடி ஒட்டியது. தண்ணீரை ஒதுக்குவது 300 கிராமுக்குச் சற்று மேல், தன் எடை போக ஒன்றுக்கு ஏறக்குறைய 200 கிராம் மிதப்பு. பசை காய முழு நாள் விட்டேன். இழுத்துக் கட்டும் நைலான் டையால் கைகளில் கட்டினேன். 18 மீட்டரில் நசுங்கவுமில்லை, தண்ணீர் புகவுமில்லை.

நிறத்தில் இன்னொரு முடிச்சு இருந்தது, பட்டறையில் அது வரவே இல்லை. 10 மீட்டரில் வெள்ளை அட்டையைக் காட்டி ஒயிட் பேலன்ஸ் எடுத்துவிட்டு டார்ச்சைப் போட்டால், கோமாளி மீன் செங்கல் நிறத்தில் வருகிறது. நீல வெளிச்சத்தை ஈடுகட்டக் கேமரா சிவப்பைத் தூக்கிவைத்திருக்கிறது, டார்ச் ஏற்கெனவே வெள்ளை, அதன் மேல் மறுபடி சிவப்பு. அதிலிருந்து இரண்டு கணக்கு வைத்துக்கொண்டேன். டார்ச் இல்லாமல் விரிந்த காட்சி என்றால் அட்டை, மூன்று நான்கு மீட்டர் ஏறி இறங்கினால் மறுபடி அட்டை, அட்டை கை நழுவினால் வெள்ளை மணல். டார்ச்சோடு கிட்டத்தில் என்றால் வெயில் ஒயிட் பேலன்ஸ், அதைத் தொடவே கூடாது. நடு மதியம் 8 மீட்டரில் இந்த டார்ச் ஒரு அடிக்கு மேல் ஒன்றும் செய்யவில்லை, வெயில் அதை விழுங்கிவிட்டது. காலையில் முதல் படகில் போன டைவ்களிலும், ‘தி வால்’ என்ற டைவ் இடத்தில் பாறைச் சுவரின் நிழல் பக்கத்திலும்தான் அது காசுக்கு வேலை செய்தது. அங்கே இடுக்கிலிருந்து தலை நீட்டிய, பாம்பு மாதிரி நீண்ட அஞ்சாலை மீன் ஒன்றின் தோல் புள்ளிகள் அத்தனையும் விழுந்திருக்கின்றன.

கோமாளி மீன் படம் கடைசியில் ஜிலேபி பாடத்தில்தான் வந்தது. அது கடல்தாமரையை விட்டு எங்கும் போகாது. ஓடும், சுற்றும், அதே விரல்களுக்கு நடுவே அதே சந்தில் தலையை நீட்டும். மீனைத் துரத்தாமல், அந்தச் சந்துக்குப் பக்கத்து விரலில் ஃபோகஸைப் பூட்டி, ஒரு அடி தூரத்தில், மீனின் கண் மட்டத்துக்கு இறங்கி, இரண்டு டார்ச்சையும் வெளிப்பக்கம் திருப்பிக் காத்திருந்தேன். மூச்சை அடக்கக் கூடாது, மெதுவாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். குமிழ் மொத்தமாக வெடித்தால் மீன் உள்ளே போய்விடும். பலமுறை அரைத் தலை, காலிச் சந்து, பிறகு அந்த ஒரு படம். வெளிச்சத்தைக் கேமரா பெருக்கிக்கொள்ளும் ஐஎஸ்ஓ அளவின் மேல் எல்லையை 800-ல் கட்டியிருந்தேன். கோப்பு, கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் ரா வடிவத்தில் இருந்ததால் வீட்டில் வந்து நிழலைக் கொஞ்சம் தூக்க முடிந்தது, நிறத்தைத் தொட வேண்டி வரவில்லை.

தட்டு, கைகள், மிதவை, போல்ட், வீணான பிவிசி, ஃபோம் எல்லாம் சேர்த்து 900 ரூபாய்க்குள், டார்ச் 7,600. ஹேவ்லாக்கில் ஒரு காலையின் இரண்டு டைவுக்கு 7,000 கொடுத்தேன். அந்தக் கணக்கில் தட்டு சும்மா கிடைத்த மாதிரி. திரும்பச் செய்தால் இரண்டு டார்ச்சுக்குப் போன பணத்தோடு கொஞ்சம் சேர்த்துப் ஸ்ட்ரோப் என்ற தனிப் பிளாஷ் ஒன்றைப் பழையதாக வாங்குவேன். அதன் மின்னல் ஒரு நொடியின் சிறு பங்குதான், ஆனால் அந்தக் கணத்தில் மதிய வெயிலோடு மல்லுக்கட்டும். டைவ் இடங்களையும் குறைப்பேன். ஒரே பாறைக்கு மறுபடி மறுபடி போனால் எந்த மீன் எந்தச் சந்தில் இருக்கும் என்று தெரிந்துவிடுகிறது. தொட்டியில் இனி முட்டி போடப் போவதில்லை. விளிம்பிலிருந்து குறுக்கே ஒரு மூங்கிலைக் கட்டி, இடுப்பில் கயிறு போட்டுத் தரை தொடாமல் தொங்கிக்கொண்டு எடுத்துப் பார்க்கலாம் என்று மச்சான் சொல்கிறான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது, மூங்கில் தாங்குமா என்பது வேறு.

நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பொத்தான்களை எல்லாம் அழுத்தி அழுத்திக் கழுவியும், போல்ட் தலைகளில் டீக்கறை நிறத்தில் துரு கட்டியிருக்கிறது. மயிலாடுதுறையில் கிடைத்தது 304 ரகம், கடலுக்கு 316 வேண்டும். நாகப்பட்டினத்தில் படகுச் சாமான் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். அதுவரை கழற்றி வைத்த தட்டு பட்டறையில் ஆர்மேச்சர்களுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. காயில் கட்ட வருகிறவர்கள் அதைப் பார்த்து இது எந்த மோட்டாரின் ஸ்டாண்டு என்று கேட்கிறார்கள்.